பதிமூணு காரணமும் காலியா இருக்கிற பதினாலாவது பக்கமும்

டிஸ்கி: இது தற்கொலை பத்தின பதிவு. கும்மியடிக்கலாம்னு வந்தவங்க அடுத்த மொக்கைக்கு வாங்க, கண்டிப்பா உண்டு. மனசு சரியில்லாத நேரத்துல யாராவது இதைத் திறந்திருந்தீங்கன்னா, முதல்ல கடைசிப் பத்திக்குப் போய் அங்க இருக்கிற நம்பர்ல பேசிட்டு வாங்க. பதிவு எங்கயும் ஓடிப் போயிடாது.

போன ஞாயித்துக்கிழமை அக்கா போன் பண்ணினாள்.

"டேய், இவ ஒரு புக்கு கேக்கறாடா. ஒரு பொண்ணு செத்துப் போறதுக்கு முன்னாடி, யார் யார் காரணம்னு கேசட்ல பேசி வச்சுட்டுப் போற கதையாம். கிளாஸ்ல பாதிப் பேர் படிச்சாச்சாம். வாங்கித் தரவா வேணாமா? நீதான் புக்கு புக்குனு அலையறவனாச்சே, சொல்லு."

அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. அக்கா சொன்ன உடனே எந்தப் புத்தகம்னு தெரிஞ்சு போச்சு. ஜே ஆஷர் எழுதின 'தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்'. 2007ல அமெரிக்காவுல வந்தது. 2017 மார்ச் 31ந் தேதி நெட்ஃபிளிக்ஸ் தொடரா வந்தப்ப நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். ஹாஸ்டல்ல ஒரே லேப்டாப்பைச் சுத்தி எட்டுப் பேர் உக்காந்து பார்த்தோம். புத்தகத்தைப் படிச்சதில்ல. "ரெண்டு நாள் டைம் குடுக்கா, படிச்சுட்டுச் சொல்றேன்"னு சொல்லிட்டு, ஆபீஸ் ஆணியெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு ரெண்டு ராத்திரியில முடிச்சேன்.

முடிச்சதும் வந்தது கோபம். ஆனா அக்காவுக்கு இருக்கிற பயத்துக்கும் என் கோபத்துக்கும் சம்பந்தம் இல்ல. 'தற்கொலை பத்தி ஏன் பசங்களுக்கு எழுதினே'ங்கிறது அக்காவோட கேள்வி. 'எழுதினதுதான் எழுதினே, ஏன்யா இப்படி ஒரு பொய்க்கணக்கை எழுதினே'ங்கிறது என் கேள்வி.

முதல்ல கதை. க்ளே ஜென்சன்னு ஒரு பள்ளிக்கூடப் பையன். ஒருநாள் வீட்டுக்கு வர்றான், வாசல்ல ஒரு ஷூ டப்பா பார்சல். உள்ள ஏழு கேசட். போட்டா ஹன்னா பேக்கர் பேசறா. அவன் கூடப் படிச்சவ, அவன் மனசுக்குள்ள விரும்பினவ, ரெண்டு வாரம் முன்னாடி தற்கொலை பண்ணிக்கிட்டவ. கேசட்டோட ஒவ்வொரு பக்கமும் ஒரு காரணம், காரணம்னா ஒரு ஆள். இந்தப் பார்சல் உன் கைக்கு வந்தா பட்டியல்ல நீயும் இருக்கேன்னு அர்த்தம். முழுக்கக் கேட்டுட்டு அடுத்த ஆளுக்கு அனுப்பணும். அனுப்பலைன்னா இன்னொரு செட் இன்னொருத்தன்கிட்ட பத்திரமா இருக்கு, அது ஊருக்கே போயிடும். ஊர் மேப் ஒண்ணு, அதுல நட்சத்திரக் குறி போட்ட இடங்கள். க்ளே ஒரு ராத்திரி முழுக்க ஊரைச் சுத்திக்கிட்டே கேக்கறான். தன் பேர் எப்ப வரும், என்ன தப்பு பண்ணினோம்னு அவனுக்கு உதறல். நமக்கும்தான்.

ஏழு கேசட்னா பதினாலு பக்கம். பேசினது பதிமூணு. கடைசிக் கேசட்டோட ரெண்டாவது பக்கம் காலி. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வர்றேன்.

நல்லதையும் சொல்லிடறேன், இல்லைன்னா ஒருதலைப்பட்சம்னு ஆட்டோ அனுப்புவீங்க. ஆஷருக்கு எழுதத் தெரியும். பொண்ணுங்க உடம்பைப் பத்திப் பசங்க போடற ஒரு கேவலமான லிஸ்ட், ஒரு பொய் வதந்தி, இதெல்லாம் 'சும்மா ஜோக்கு'ன்னு பண்றவனுக்கு எப்படித் தெரியும், படறவளுக்கு எப்படி இருக்கும்னு எழுதின இடங்கள் எல்லாம் சத்தியமான எழுத்து. வகுப்புல ஹன்னா பேர் போடாம தற்கொலை பத்தி ஒரு சீட்டு எழுதிப் போடறா. அதைப் படிச்சுட்டு மத்தவங்க 'யாரோ கவனம் ஈர்க்க எழுதியிருக்காங்க'ன்னு எரிச்சல் படறாங்க. எழுதினவ அங்கயே உக்காந்திருக்கா. அந்தக் காட்சியில எனக்குத் தொண்டை அடைச்சுது. நாமளும் எத்தனை தடவை 'சீன் போடறாடா'ன்னு சொல்லியிருக்கோம்.

இனி சண்டைக்கு வர்றேன்.

என்னைப் பொறுத்தவரை இது தற்கொலை பத்தின நாவலே இல்ல. துப்பறியும் நாவல். ஒரு பிணம், துப்பு, மேப், சந்தேக லிஸ்ட், அத்தியாயத்துக்கு ஒரு குற்றவாளி, கடைசியில முடிச்சு. 'யார் கொன்னது?'ங்கிற ஒரே கேள்விதான் பக்கத்தைத் திருப்ப வைக்குது. துப்பறியும் கதைன்னா குற்றவாளி இருந்தே ஆகணும். ஆனா தற்கொலை நடக்கறது அப்படி இல்ல. எழுத வசதியான ஒரு வடிவத்துக்காக, நடக்கிற விஷயத்தோட உருவத்தையே மாத்திட்டாரு.

அந்தப் பட்டியலைப் பாருங்க. பதிமூணு பக்கம், பன்னெண்டு பேர் (ஜஸ்டினுக்கு மட்டும் ரெண்டு பக்கம்). இதுல ஒருத்தன் வல்லுறவு பண்ணினவன். அவனுக்கு ஒரு பக்கம். இன்னொருத்தன், வகுப்புல மத்தவங்க ஹன்னாவுக்கு எழுதிப் போட்ட பாராட்டுச் சீட்டுகளைத் திருடினவன். அவனுக்கும் ஒரு பக்கம். இன்னொருத்தன் அவ எழுதின கவிதையைக் கேக்காம அச்சுல போட்டவன். அவனுக்கும் ஒரு பக்கம். என்னங்க கணக்கு இது? போலீஸ், கோர்ட், ஜெயில்னு போகவேண்டிய குற்றமும், ஒரு பதினாறு வயசுப் பையனோட சில்லறைத்தனமும் ஒரே சைஸ் கேசட்டா? இதனால சின்னத் தப்பு பெருசானதோட நிக்கல, உண்மையான குற்றம் சின்னதாயிடுச்சு. அது பட்டியல்ல பன்னெண்டாவது, அவ்வளவுதான்.

உச்சக்கட்டம் க்ளேயோட பக்கம். 'நீ இந்த லிஸ்ட்ல இருக்க வேண்டியவனே இல்ல'ன்னு ஹன்னாவே சொல்றா. ஆனாலும் கேசட் அவன் வீட்டுக்கு வருது. அவன் ராத்திரி முழுக்கச் செத்துச் செத்துப் பிழைக்கிறான். தப்பே பண்ணாதவன் வாழ்நாள் முழுக்க அந்தக் குரலைக் காதுல சுமக்கணும். இது கொடூரம்னு நாவலுக்கே தோணல. காதல்னு நினைக்கச் சொல்லுது.

பொட்டி தட்டற பொழப்புல இருக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக்குது. காலையில மீட்டிங். 'யார் கை வச்சது?'ன்னு கேக்கற மேனேஜர் ஒருத்தரைக் கண்டுபிடிச்சுத் திட்டிட்டுப் போயிடுவாரு. அடுத்த மாசம் அதே சர்வர் திரும்பப் படுக்கும். 'எத்தனை தடுப்பு இருந்துச்சு, எல்லாம் எப்படி ஒரே நேரத்துல ஓட்டை ஆச்சு?'ன்னு கேக்கறவர்தான் விஷயம் தெரிஞ்சவர். விமான விபத்தை ஆராயறவங்களும் இப்படித்தான் பார்க்கறாங்க. மனுஷ உயிர் சர்வரை விட ஆயிரம் மடங்கு சிக்கல். மனச்சோர்வுங்கிற நோய், பரம்பரை, தூக்கம், வீடு, பணம், பட்ட அடி, குடி, அந்த நேரத்துல கைக்கு எட்டற தூரத்துல என்ன இருந்துச்சு, பக்கத்துல யார் இருந்தாங்க, எல்லாம் சேர்ந்துதான். இதே வதந்தி, இதே கேலி, இதே துரோகம் நடந்து பிழைச்சிருக்கிறவங்கதான் மிகப் பெரும்பாலானவங்க. ஹன்னா ஏன் பிழைக்கலைன்னு கேட்டா பதில் அவளோட நோயில பாதி இருக்கு. பதிமூணு பக்கத்துல நோய்க்கு ஒரு பக்கம் கூட இல்ல. நோயைச் சந்தேக லிஸ்ட்ல சேர்க்க முடியாதே, அது கதாபாத்திரம் இல்லையே!

அடுத்த குற்றச்சாட்டு. இந்தக் கதையில சாவு ஜெயிக்குது. உயிரோட இருந்தப்ப ஹன்னா பேச்சை யாரும் கேக்கல. செத்த பிறகு பன்னெண்டு பேர் வேலையை விட்டுட்டு, குறுக்க ஒரு வார்த்தை பேச முடியாம, முழுக்கக் கேக்கறாங்க. அழறாங்க. வருந்தறாங்க. அவ நினைச்சது எல்லாம் நடக்குது. 'நான் செத்தாத்தான் உங்களுக்குப் புரியும்'னு வீட்டுக்கு வீடு பசங்க கோபத்துல சொல்றதுதான். அந்தக் கோபத்துக்கு இந்த நாவல் 'ஆமாம், புரியும்'னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்குது. ஒரு சின்ன உண்மையை மட்டும் மறைச்சிடுது. அவங்க அழறதைக் கேக்க ஹன்னா இல்ல. கதையில ஹன்னா குரல் கடைசி வரைக்கும் கூடவே வர்றதால, அவ போயிட்டாங்கிறதே படிக்கிறவனுக்கு உறைக்கறதில்ல. க்ளேயோட நடக்கறா, கிண்டல் பண்றா, கதை சொல்றா. இதுல சாவு எங்க இருக்கு?

மூணாவதுதான் எனக்கு ரொம்ப பயமான இடம். கடைசிப் பக்கம், மிஸ்டர் போர்ட்டர். பள்ளிக்கூட ஆலோசகர். ஹன்னா கடைசியா ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம்னு அவர்கிட்ட போறா, அவருக்குத் தெரியாம பேச்சைப் பதிவு பண்ணிக்கிட்டே. அவர் சரியாத்தான் நடந்துக்கலை. 'நடந்ததை மறந்துட்டு மேல போ'ங்கிற மாதிரி பேசறார். அவ எழுந்து வெளிய வர்றா. பின்னாடியே வருவார்னு பார்க்கறா. வரல. ஆச்சு, முடிவு.

இது பரீட்சை. பரீட்சைன்னே தெரியாதவனுக்கு வச்ச பரீட்சை. உலகத்துல எவனும் இதுல பாஸ் ஆக முடியாது. நான் ஆக மாட்டேன், நீங்களும் ஆக மாட்டீங்க. ஆனா படிக்கிற பதினாலு வயசுப் பொண்ணு மனசுல என்ன நிக்கும்? 'பெரியவங்ககிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல.' ஆலோசகர்கள், டீச்சர்கள், டாக்டர்கள் எல்லாரும் நல்லவங்கன்னு நான் சொல்ல வரல. முதல் ஆள் சரியில்லைன்னா ரெண்டாவது ஆள்கிட்ட போகணும், மூணாவது ஆள்கிட்ட போகணும். 'எனக்குச் சாகணும் போல இருக்கு'ன்னு அந்த நாலு வார்த்தையை மறைக்காம சொல்லணும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல நாவல்ல இடம் இல்லாமப் போச்சு.

"கதைதானேப்பா, பாடப் புத்தகமா?"ன்னு ஒருத்தர் பின்னூட்டத்துல கேக்கப் போறீங்க, எனக்குத் தெரியும். கதைங்கிறதாலதான் கேக்கறேன். 1774ல கதே ஒரு நாவல் எழுதினார். காதல்ல தோத்த வெர்தர்ங்கிற இளைஞன் கடைசியில உயிரை விடறான். ஐரோப்பாவுல பசங்க அவனை மாதிரியே உடுத்திக்கிட்டாங்க, சிலர் அவனை மாதிரியே போயும் சேர்ந்தாங்கன்னு பயந்து சில ஊர்ல புத்தகத்தையே தடை பண்ணினாங்க. 1974ல டேவிட் பிலிப்ஸ்ங்கிற சமூகவியல் ஆய்வாளர் தற்கொலைச் செய்தி பெருசா வந்தா அதுக்கப்புறம் எண்ணிக்கை கூடுதுன்னு கண்டுபிடிச்சு, அதுக்கு 'வெர்தர் விளைவு'ன்னே பேர் வச்சார். ஆனா கதை கொல்ல மட்டும் செய்யாது, காப்பாத்தவும் செய்யும். மோட்சார்ட்டோட 'மேஜிக் ஃப்ளூட்'ல பாப்பகேனோன்னு ஒருத்தன் உயிரை விடப் போற நேரத்துல மூணு பசங்க வந்து இன்னொரு வழியை ஞாபகப்படுத்தறாங்க. அவன் பிழைச்சுக்கறான். நெருக்கடியில இருந்து ஒருத்தர் மீண்டு வந்ததைச் சொல்ற செய்திகள் உயிரைக் காக்கறதா 2010ல வியன்னா ஆய்வாளர்கள் சொல்லி, 'பாப்பகேனோ விளைவு'ன்னு பேர் கொடுத்தாங்க. ஆஷர் கையில ரெண்டு வழியும் இருந்துச்சு.

நிஜமாவே இருந்துச்சு. இதுதான் எனக்கு ஆறாத கடுப்பு. நாவலோட பத்தாம் ஆண்டுப் பதிப்புல ஆஷர் முதல்ல எழுதி வச்சிருந்த முடிவைச் சேர்த்திருக்காங்க. அதுல ஹன்னா சாகல. பிழைச்சுக்கறா. அதைத் தூக்கிட்டுத்தான் நாம படிக்கிற முடிவை வச்சாரு. ஹன்னா பிழைச்சா கேசட் எல்லாம் அர்த்தம் இல்லாமப் போயிடும்தான். 'கேட்டுட்டீங்களா? சரி, இப்ப நாளைக்கு ஸ்கூலுக்கு எப்படி வர்றது?'ங்கிற சங்கடமான, அழகில்லாத கேள்வி வரும். எனக்கு அந்த நாவல்தான் வேணும். ஏன்னா நிஜம் அந்தப் பக்கம்தான் நிக்குது.

ரிச்சர்ட் சைடன்னு ஒரு ஆய்வாளர். 1937ல இருந்து 1971 வரைக்கும் சான் பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலத்துல உயிரை விட வந்து, கடைசி நேரத்துல தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் அப்புறம் என்ன ஆனாங்கன்னு தேடிப் பார்த்தார். 'இன்னிக்குத் தடுத்தா நாளைக்கு வேற எங்கயாவது போவான்'ங்கிறதுதானே நம்ம ஊர்ப் பேச்சு? 1978ல வெளியான அவர் கணக்குப்படி, 94 சதவீதம் பேர் ஒண்ணு அப்பவும் உயிரோட இருந்தாங்க, இல்ல இயற்கையா இறந்திருந்தாங்க. அந்த ஒரு மணி நேரம் கடந்துட்டா பெரும்பாலானவங்களுக்கு ஒரு முழு வாழ்க்கை பாக்கி இருக்கு. அந்த வாழ்க்கையைத்தான் பதினாலாவது பக்கம்னு நான் சொல்றேன். ஆஷர் அதைக் காலியா விட்டதை அழகான சோகம்னு நினைச்சிருக்கலாம். அது அவருக்கு எழுதத் தெரியாத பக்கம்.

எனக்கு அந்தப் பக்கம் தெரியும். ஒருத்தனைத் தெரியும். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். பேர் வேணாம்னான். மாப்ளன்னு வச்சுக்குவோம். என் ரூம்மேட். 2017ல அந்தத் தொடரைப் பார்த்த எட்டுப் பேர்ல ஒருத்தன். அப்ப கேசட்டை வச்சு ஹாஸ்டல் முழுக்க ஒரே ஜோக். யார் சாம்பார்ல உப்பு போடலைன்னாலும் 'உனக்கு ஒரு டேப் இருக்குடி'ன்னு கலாய்ப்போம். ஒருநாள் மெஸ்ஸுல மாப்ள சிரிச்சுக்கிட்டே சொன்னான், "நான் போனா உனக்கு டேப் கிடையாதுடா, நீ நல்லவன்." எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்.

ராத்திரி படுத்தா தூக்கம் வரல. 'நான் போனா.' அவன் பக்கம் திரும்பினேன். முழிச்சுக்கிட்டு விட்டத்தைப் பார்த்துக்கிட்டிருந்தான். மணி மூணு. யோசிச்சுப் பார்த்தா ரெண்டு மூணு வாரமாவே அவன் தூங்கி நான் பார்க்கல. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. கேட்டா அந்த நினைப்பே இல்லாதவனுக்கு நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடுமோன்னு பயம். கடைசியில, "டேய், சாகணும்னு தோணுதாடா?"ன்னு மொட்டையாக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "ம்"னான்.

அப்புறம் நான் பெருசா ஒண்ணும் கிழிக்கல. விடியற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தேன். காலையில அவன் வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல அவங்க அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அண்ணன் பஸ் புடிச்சு வந்தார். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுல டோக்கன் போட்டு மூணு மணி நேரம் உக்காந்தோம். டாக்டர் பத்து நிமிஷம் பேசினார், மாத்திரை எழுதினார், ரெண்டு வாரத்துல வரச் சொன்னார். சினிமா மாதிரி எதுவும் நடக்கல.

(கேட்டா எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடுமோங்கிற அந்தப் பயம் தப்புன்னு பின்னாடிதான் படிச்சேன். நியூயார்க் மாநிலத்துப் பள்ளி மாணவர்கள் ரெண்டாயிரம் பேருக்கு மேல வச்சுப் பண்ணின ஆய்வு, 2005ல வந்தது. தற்கொலை எண்ணம் இருக்கான்னு நேரடியாக் கேட்டதால யாருக்கும் அந்த எண்ணம் கூடல. ஏற்கெனவே மனச்சோர்வுல இருந்த பசங்களுக்குக் கேட்டது ஆறுதலாக்கூட இருந்திருக்கு.)

மாப்ளைக்கும் காரணங்கள் இருந்துச்சு. நாலு அரியர். அப்பா கடன். பேசாமப் போன ஒரு பொண்ணு. அன்னிக்கு ஏதாவது ஆகியிருந்தா பேப்பர்ல 'காதல் தோல்வியால் பொறியியல் மாணவர் தற்கொலை'ன்னு நாலு வரி வந்திருக்கும். அந்தப் பொண்ணு வாழ்நாள் முழுக்க அந்தக் கேசட்டைச் சுமந்திருப்பா. இந்தப் பதிவுக்காகப் பேசினப்ப அவன்கிட்ட கேட்டேன், 'எது சரியாச்சுடா உனக்கு?' அவன் சொன்னதை அப்படியே தர்றேன்: "ஒரு காரணமும் சரியாகலடா. கடன் இன்னும் இருக்கு. அவ இன்னும் பேசல. நான் தூங்க ஆரம்பிச்சேன், அவ்ளோதான். தூங்கித் தூங்கி எழுந்தா காரணம் எல்லாம் சின்னதா தெரிஞ்சுது."

இந்த ஒரு வரி அந்த ஏழு கேசட்லயும் இல்ல.

சரி, அப்ப புத்தகத்தைத் தடை பண்ணணுமா? கூடாதுங்க. அமெரிக்காவுல பல பள்ளிக்கூட நூலகங்கள்ல இதைத் தூக்கச் சொல்லிச் சண்டை நடந்துச்சு. 2010ல இருந்து 2019 வரை அதிகம் எதிர்ப்புக்கு ஆளான புத்தகங்கள்னு அமெரிக்க நூலகச் சங்கம் போட்ட பட்டியல்ல இதுக்கு மூணாவது இடம். தடை பண்ணினா பசங்க திருட்டுத்தனமா, தனியா, ராத்திரி படிப்பாங்க. மோசமான புத்தகத்தைப் படிக்க அதை விட மோசமான வழி கிடையாது. அதோட, 'தற்கொலை பத்திப் பேசவே கூடாது'ங்கிற பெரியவங்க அடம் இருக்கே, ஹன்னா எழுதிப் போட்ட சீட்டைப் பார்த்து எரிச்சல் பட்ட வகுப்புக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல.

தொடர் வேற கதை. நாவல்ல இல்லாத அளவுக்குச் சாவைக் காட்சியா காட்டினாங்க. டாக்டர்கள் கத்தினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 2019 ஜூலையிலதான் நெட்ஃபிளிக்ஸ் அந்தக் காட்சியை வெட்டினாங்க. தொடர் வந்த மறுமாசம், 2017 ஏப்ரல்ல, அமெரிக்காவுல 10 முதல் 17 வயசுப் பசங்க தற்கொலை விகிதம் எதிர்பார்த்ததை விட 28.9 சதவீதம் அதிகம்னு 2019ல ஒரு ஆய்வு சொல்லிச்சு. அந்தக் கணக்கு சரியில்லைன்னு 2020ல டேனியல் ரோமர்னு இன்னொரு ஆய்வாளர் மறுத்தார். சண்டை முடியல. அமெரிக்காவுல 10 முதல் 24 வயசு வரை உள்ளவங்க தற்கொலை விகிதம் 2007ல லட்சத்துக்கு 6.8. 2018ல 10.7. ஏறத் தொடங்கினது புத்தகம் வந்த அதே வருஷம். ஆனா புத்தகம்தான் காரணம்னு நான் சொன்னா, நானும் ஆஷருக்கு ஒரு கேசட் போட்டு அனுப்பினவன் ஆயிடுவேன். ஒரே காரணம்னு எதுவும் கிடையாதுங்கிறதுதானே என் கட்சியே.

இந்த ஒத்தைக் காரண வியாதி அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தம் இல்ல. நம்ம தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட வருடாந்தர அறிக்கையைப் பாருங்க. 2022ல இந்தியாவுல தற்கொலை பண்ணிக்கிட்ட மாணவர்கள் 13,044 பேர். குடும்பப் பிரச்சினை, நோய், காதல் விவகாரம், தேர்வுத் தோல்வின்னு ஒவ்வொரு சாவும் ஒவ்வொரு கட்டத்துல போய் விழுது. பேப்பர்லயும் அப்படித்தான். 'அம்மா திட்டியதால்', 'செல்போன் தராததால்'. தலைப்புலயே கேசட் போட்டாச்சு. அந்த அம்மா இனிமே எப்படி வாழ்வாங்கன்னு ஒருத்தரும் யோசிக்கறதில்ல. இன்னொரு வீட்டுல அதே நாள் செல்போன் கிடைக்காத பையன் அந்தத் தலைப்பைப் படிக்கிறாங்கிறதையும் யோசிக்கறதில்ல.

அப்ப பரீட்சை, கேலி, ஜாதி, ராகிங் இதெல்லாம் தப்பிச்சுக்கட்டும்னு சொல்றேனா? இல்லவே இல்ல. எல்லாத்தையும் சரி பண்ணணும். உயிரோட இருக்கிறவங்களுக்காகப் பண்ணணும். தமிழ்நாட்டுல பிளஸ் டூ ஃபெயில் ஆனவங்க ஒரு வருஷம் வீணாக்காம அதே வருஷம் உடனடித் துணைத் தேர்வு எழுதலாம்னு கொண்டு வந்தாங்களே, அது ஒரு சின்ன விதி. யார் மேலயும் பழி போடல. ஆனா ரிசல்ட் அன்னிக்கு ராத்திரி 'எல்லாம் போச்சு'ன்னு நினைக்கிற பிள்ளைக்கு 'இன்னும் சில வாரம்தான்'னு ஒரு கதவைத் திறந்து வைக்குது. ஏழு கேசட்டை விட அந்த ஒரு அரசாணை எனக்கு உசத்தி.

கடைசியா, ஆஷரை ஒரு இடத்துல கையெடுத்துக் கும்பிடணும். நாவலோட கடைசிப் பக்கம். ராத்திரி முழுக்கக் கேட்டு முடிச்ச க்ளே காலையில ஸ்கூலுக்கு வர்றான். ஸ்கைன்னு ஒரு பொண்ணு தனியா நடந்து போறா. ஒதுங்கி ஒதுங்கி இருக்கிறவ. அவன் ஓடிப் போய் அவ பேரைச் சொல்லிக் கூப்பிடறான். அதோட கதை முடியுது. உயிரோட இருக்கிற ஒருத்தியை உயிரோட இருக்கிறப்பவே கூப்பிடறான். முந்நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் கம்மியான புத்தகத்துல இந்த ஒரு பக்கம்தான் உண்மையில தற்கொலையைப் பத்தினது. இங்க ஆரம்பிச்சிருக்க வேண்டிய நாவலை இங்க முடிச்சுட்டாரு மனுஷன்.

அக்காவுக்கு என்ன சொன்னேன்னு சொல்லலையே. "வாங்கிக் கொடு, நீயும் படி"ன்னேன். "எனக்கு இங்கிலீஷ் நாவல் எல்லாம் வராதுடா"ன்னாள். சரின்னு நானே வாங்கிட்டுப் போனேன். பொண்ணு மூணு நாள்ல முடிச்சுட்டா. நேத்து வீட்டுக்குப் போயிருந்தேன். லெக்சர் கொடுக்கலாம்னு மேல எழுதினது எல்லாம் மனசுல தயாரா வச்சிருந்தேன். அவ முந்திக்கிட்டா.

"மாமா, ஒண்ணு கேக்கவா? அந்த க்ளேவுக்கு அவளைப் புடிச்சிருந்துச்சுல்ல. அவ ஒரு மாதிரி இருக்கான்னு தெரிஞ்சப்பவே அவகிட்ட போய்க் கேட்டிருக்கலாம்ல?"

"கேக்க பயந்திருப்பான்"னேன்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எங்க கிளாஸ்ல ஒருத்தி ஒரு மாசமா லஞ்ச் சாப்பிடறதே இல்ல மாமா"ன்னா.

லெக்சர் எல்லாம் மறந்து போச்சு. என்ன கேக்கணும், எப்படிக் கேக்கணும், கேட்டுட்டு எந்த டீச்சர்கிட்ட சொல்லணும், ரகசியம்னு அந்தப் பொண்ணு சத்தியம் வாங்கினாலும் ஏன் சொல்லியே ஆகணும்னு ஒரு மணி நேரம் பேசினோம். திங்கக்கிழமை அவ கேக்கப் போறா. பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்த அக்கா முகம் வெளிறிப் போச்சு. ஆனா வேணாம்னு சொல்லல.

பி.கு: பேசணும்னா, டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழ்லயே பேசலாம். தமிழ்நாட்டுல 104. சென்னை சிநேகா 044-24640050. அமெரிக்காவுல இருக்கிற நண்பர்களுக்கு 988. முதல் தடவை லைன் கிடைக்கலைன்னா அதைப் பரீட்சையா எடுத்துக்காதீங்க. திரும்பப் போடுங்க, இல்ல பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்க. அவன் தூங்கிக்கிட்டிருந்தா எழுப்புங்க, ஒண்ணும் தப்பில்ல.

ஆஷர் ரசிகர்கள் வழக்கம் போலப் பின்னூட்டத்துல திட்டலாம். எல்லாத்துக்கும் பதில் சொல்றேன்.